விரல் வைத்தவர்

ஆகஸ்ட் 10, சனி

இது எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டு. கடைசியில் நாற்பது தாள் மிச்சம் இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாராவது புரட்டினாலும் தாவர செல்தான் தெரியும்.

எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத முடியும். சமையலறை ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு இருப்பதால் லைட் போட வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் ரேஷன் அரிசி டிரம்முக்கு அடியில் நோட்டை வைத்துவிடுவேன். அப்பா அந்தப் பக்கம் வர மாட்டார். அவர் ரேஷன் அரிசி சாப்பிடுவதில்லை. அவருக்கு மட்டும் தனியாகக் கடை அரிசிச் சோறு.

இன்று பள்ளி விடுமுறை. அம்மாவும் நானும் ரேஷன் கடைக்குப் போனோம். கடையில் விற்பவள் செண்பகவல்லி அக்கா. அம்மாவின் விரலை மெஷினில் நான்கு தடவை வைத்தும் ரேகை விழவில்லை. பத்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். விரல் நுனி வழுவழுவென்று இருக்கும்.

"வேலம்மா அக்கா, உங்க ரேகை எல்லாம் எங்க போச்சு?" என்று செண்பகவல்லி அக்கா கேட்டாள்.

எங்களுக்குப் பின்னால் தங்கப்பொண்ணு அத்தை நின்றாள். அடுத்த வளவில் குடியிருக்கிறாள். அவளும் பீடி சுற்றுகிறவள். "எங்க ரேகை பூரா கம்பெனிக்காரன்ட்ட இருக்கு. அவன்ட்ட கேட்டு வாங்கிக்க" என்றாள். வரிசையே சிரித்தது.

எப்போதும் போல என் விரலை வைத்தேன். உடனே விழுந்தது. இருபது கிலோ அரிசி, சீனி, பாமாயில்.

ஆனால் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு போனோம். அங்கிருந்து சித்தி ஊருக்கு. முக்கால் மணி நேரம். சித்தி அரிசியை வாங்கிப் பரணில் ஏற்றினாள். பரணில் எங்கள் எவர்சில்வர் வாளி இருந்தது. போன மாதம் காணோம் என்று அம்மா தேடின இரண்டு போர்வைகள் இருந்தன. அபியின் பழைய ஸ்வெட்டரும் இருந்தது.

திரும்பி வரும்போது அம்மா, "அப்பாட்ட சொல்லிராத. அபிட்டயும் சொல்லாத, அவ உளறிருவா" என்றாள். அபி என் தங்கை. இரண்டாம் வகுப்பு.

நான் எதற்கு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்மாவின் இடது கண் வீங்கியிருக்கிறது. கதவு இடித்துவிட்டது என்று பீடிக் கடையில் சொன்னாளாம். கணக்குப் பரீட்சையில் 38.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். அபிக்கு ஒன்று கொண்டுவந்தேன். அப்பா நல்லபடியாக இருந்தார். எங்களை லோடு ஆட்டோவில் ஏற்றி அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனார். அபியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரைக் காட்டினார். இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

பள்ளி விட்டு வந்தபோது அப்பாவின் வண்டி வாசலில் நின்றது. அந்த நேரத்தில் நிற்காது. அப்பா கையில் போன் இருந்தது. ரேஷன் கடையில் நாம் வாங்காததை வாங்கியதாகப் போட்டுவிட்டு வெளியே விற்கிறார்கள், உன் போனுக்கு வந்த மெசேஜைப் பார் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா மெசேஜ் எதையும் படிப்பதில்லை. இன்று தேடி எடுத்திருக்கிறார்.

"பத்தாந்தேதி இருவது கிலோ அரிசி வாங்குனியா?"

அம்மா மடியில் பீடி இலை பரப்பியிருந்த சுளவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இல்லையே. இந்த மாசம் இன்னும் போகல."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ போனியா?"

"இல்லப்பா."

சமையலறைக்குள் போய் டிரம்மைத் திறந்தார். அடியில் ஒரு படி அளவு பழைய அரிசி கிடந்தது. டிரம்மைக் காலால் எத்தினார். அது நகர்ந்தது. சாயவில்லை. நோட்டு அடியில்தான் இருந்தது.

"கார்ட எடுத்துட்டு எங்கூட வா" என்றார்.

கடையில் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் பொம்பளைகள். எடை போடுகிற மாமா லீவு. செண்பகவல்லி அக்கா மட்டும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அப்பா வரிசையைத் தாண்டி நேரே போனார்.

"என் கார்டுல அரிசி வாங்குனது யாரு?"

"கார்டக் கொடுங்கண்ணே, பாக்கேன்." பார்த்தாள். "பத்தாந்தேதி வாங்கியிருக்கே."

"யாரு வாங்குனா? என் பொண்டாட்டி வரல. என் பிள்ள வரல. இந்தா நிக்கி, கேளு."

செண்பகவல்லி அக்கா என்னைப் பார்த்தாள். நான் பருப்பு மூட்டையைப் பார்த்தேன். மூட்டையில் சிவப்பு நூலில் தைத்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டாள்.

"கூட்டத்துல ஞாபகம் இல்லண்ணே. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதேன்."

"எங்க வித்தங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கோ?"

"மரியாதையாப் பேசுங்க. பின்னால ஆளுக நிக்காங்க."

அப்பா கம்பிக்குள் கையை விட்டார். அவள் வலது கையைப் பிடித்து வெளியே இழுத்து, கம்பியோடு வைத்து அழுத்தித் திருகினார். ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையை முறிக்கிற சத்தம். பிறகு கன்னத்தில் அறைந்தார். மெஷினை வெளியே இழுத்துத் தரையில் போட்டார். ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் எழுதவில்லை.

அந்தப் பதினைந்து பேரும் நின்றார்கள். நான்கைந்து பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். தங்கப்பொண்ணு அத்தையும் அங்கேதான் இருந்தாள். அவளிடம் அந்த மாதிரி போன் இல்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரும் வழியில் அப்பா எங்களுக்கு புரோட்டா வாங்கினார். அபி நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

வீடியோ எல்லோருக்கும் போய்விட்டது. 'அரிசி திருடியைத் தட்டிக்கேட்ட டிரைவர்' என்று தலைப்பு. எங்கள் வகுப்பு மஞ்சரி அவள் அண்ணன் போனில் பார்த்தாளாம். "ஏளா, ஓரத்துல பையோட நிக்கது நீதான?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். யூனிஃபார்ம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

வீடியோவில் கை திருகுவது வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. செண்பகவல்லி அக்கா கத்துவதும் இடது கையால் அப்பாவைத் தள்ளுவதும்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அவள்தான் சண்டைக்காரி மாதிரித் தெரியும். கீழே நிறையப் பேர் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தாலுகாவில் எல்லா ரேஷன் கடையும் இன்று அடைப்பு. கடைக்காரர்கள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு தாலுகா ஆபீஸ் முன்னால் நின்றார்கள். தங்கப்பொண்ணு அத்தை இலை வெட்ட வந்தபோது அம்மாவிடம் சொன்னாள். செண்பகவல்லி அக்காவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டு ரசீது மட்டும் கொடுத்தார்களாம். முதலில் அரிசி எங்கே போனது என்று தெரியட்டும், பிறகு கேஸ் போடலாம் என்றார்களாம்.

"விசாரண முடியுத வரைக்கும் அவள வேலைக்கு வராண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் அத்தை. "கையும் ஒடஞ்சு, வேலையும் போயி நிக்கா."

"விரல் வைக்காம எப்படிப் போட முடியும்? மெஷினு காட்டிக் கொடுத்துராதா?" என்று அம்மா கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"ரேகை விழாதவங்களுக்கு நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கொடுக்காள்லா, அப்படிப் போட்டுருப்பான்னு சொல்லுதாங்க. மெஷினும் ஒடஞ்சு கெடக்கு. சென்னையிலிருந்து பதிவு வரணுமாம்."

மெஷின் உடைந்தாலும் பதிவு இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பெயர் எங்கேயோ சென்னையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

தங்கப்பொண்ணு அத்தையும் அம்மாவும் பீடி சுற்றினார்கள். பிறகு அத்தை சொன்னாள்.

"அன்னைக்கு ஒன் பின்னால நான்தான நின்னேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. எலைய நனைச்சு வையி, காஞ்சு போச்சு."

அவ்வளவுதான் பேச்சு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மா குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தாள். எங்கள் வீட்டில் அது சொரசொரப்பான சிமெண்டுத் தரை.

இல்லை. இதை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுத வேண்டும். சாம்பாரில் உப்பு இல்லை என்று அப்பா அம்மாவைச் சுவரில் மோதினார். 13ஆம் தேதி கண்ணும் கதவு இல்லை. அப்பா அடிக்கிறார் என்று இந்த நோட்டில் எழுதியதே இல்லை. எழுதினால் அது நடந்தது என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். எழுதாவிட்டாலும் நடக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை. பேனா வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செண்பகவல்லி அக்கா வீட்டுக்குப் போனேன். மேலத்தெருவில் கடைசி வீடு. என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்காமலே போய்விட்டேன்.

அவள் ஒரு கையால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈர வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு வாயால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். நான் போய் மறு நுனியைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

"உங்கம்மா அனுப்புனாளா?"

"இல்லக்கா."

"வருவா வருவான்னு ஆறு நாளா வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் வேட்டியின் சுருக்கத்தை நீவினேன்.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன், இந்தா இந்தப் பிள்ளதான் விரல் வச்சான்னு. ஒன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு முந்தின வாரம் உங்கம்மா கண்ணு இருந்த இருப்பையும் பாத்திருக்கேன். சொன்னா வீட்டுல என்ன நடக்கும்னு தெரிஞ்சுபோச்சு. என்ன மாதிரியே வரிசையில நின்ன பாதிப் பேருக்கும் தெரியும்."

கட்டுப்போட்ட கையைத் தூக்கி என்னிடம் காட்டினாள். விரல்கள் வீங்கி மஞ்சள் நிறமாக இருந்தன.

"அதுக்காக நான் திருடின்னு பேரு வாங்கிக்கிட்டுக் கெடக்க முடியாது. எம்பிள்ளைகள பள்ளிக்கூடத்துல அரிசித் திருடி பிள்ளன்னு கூப்பிடுதாங்க. தெனமும் யாராவது என்னத் திட்டத்தான் செய்தாங்க. மெஷினு ஓடலன்னா எனக்குத் திட்டு. பருப்பு வரலன்னா எனக்குத் திட்டு. அதெல்லாம் கேட்டுப் பழகிட்டேன். இது அப்படி இல்ல. வெள்ளிக்கிழம அதிகாரி கடைக்கு வாராரு. எல்லார் முன்னாலயும் விசாரண. பதிவு வந்தாலும் வராட்டாலும் அன்னைக்கு நான் வாயத் தொறப்பேன். உங்கம்மாட்ட சொல்லு. அதுக்குள்ள என்ன செய்யணுமோ செய்துக்கிடட்டும்."

"சரிக்கா."

"பேனா வாங்கியாச்சா?" என்று கேட்டாள். நான் பேனா வாங்க வந்ததாகச் சொல்லவே இல்லை. நான் கையில் மடித்துப் பிடித்திருந்த பத்து ரூபாயைப் பார்த்து அவளாக யோசித்திருப்பாள் போல. உள்ளே போய் ஒரு பேனா கொண்டுவந்து கொடுத்தாள். அதில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அப்பா லோடு ஏற்றப் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அங்கே ஏன் போனாய் என்று கேட்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"வெள்ளியா?" என்று மட்டும் கேட்டாள். கையிலிருந்த பீடிக் கட்டுக்கு நூல் சுற்றி முடித்தாள். "தீபாவளி கழிச்சுன்னு நெனச்சிருந்தேன்."

ஆகஸ்ட் 28, புதன்

என் பள்ளிப் பையில் வழக்கமாக வைக்கிற புத்தகங்களோடு ஆதார் கார்டுகளும் அபியின் பிறப்புச் சான்றிதழும் இருக்கின்றன. அம்மா வைத்தாள். ரேஷன் கார்டு அப்பாவோடு கடைக்குப் போன அன்றையிலிருந்து என் பையில்தான் கிடக்கிறது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

சித்தி வந்து அபியைக் கூட்டிப்போனாள். கோயில் கொடை விழா பார்க்க என்று அப்பாவிடம் சொன்னார்கள். அவர் அபிக்குப் பலூன் வாங்க இருபது ரூபாய் கொடுத்தார்.

நாளைக்கு அவர் புதுச் சட்டை போடப்போகிறார். இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். நான்தான் போட்டேன். காலரில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. இரண்டு தடவை தண்ணீர் தெளித்து எடுத்தேன்.

பயமாக இருக்கிறது. இந்த நோட்டையும் பையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சித்தி வீட்டிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு விசாரணை. கடை முன்னால் வேப்ப மரத்தடியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வட்ட வழங்கல் அலுவலர், அவருடைய கிளார்க், ஒரு போலீஸ்காரர். கார்டில் பெயர் உள்ள எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நான் பள்ளிக்குப் போகவில்லை. வரிசையில் வருகிற பொம்பளைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். செண்பகவல்லி அக்கா கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நின்றாள். அவள் பக்கத்தில் நின்றால் தங்களையும் சாட்சி என்று எழுதிவிடுவார்களோ என்று எல்லோரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

முதலில் அப்பா பேசினார். நன்றாகப் பேசினார். ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றார். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அதிகாரி கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தார். "பதிவு நேத்து வந்துருச்சு. கையெழுத்து வாங்கிக் கொடுத்ததில்ல. ரேகை வச்சுத்தான் வாங்கியிருக்கு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "விரல் வைத்தவர், இசக்கியம்மாள். மகள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கடைசியாகத் திரும்பினார்.

"நீயாம்மா வச்சே?" என்று அதிகாரி கேட்டார்.

செண்பகவல்லி அக்காவைப் பார்த்தேன். இந்த முறை அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். நான்தான் வச்சேன். அன்னைக்கு இல்லன்னு சொன்னது பொய்."

அப்பா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கை ஏற்கெனவே மேலே போயிருந்தது. எனக்கு அந்தக் கை தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் தங்கப்பொண்ணு அத்தையின் முதுகு இருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் இன்னும் முதுகுகள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. பீடிப் புகையிலை வாசனை அடித்தது. யாரும் போனை எடுக்கவில்லை.

"கைய எறக்கு தம்பி" என்றாள் அத்தை. "எங்களுக்கு ரேகைதான் இல்ல. பல்லு இருக்கு."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. போலீஸ்காரர் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு அம்மா மேசைக்குப் பக்கத்தில் போனாள்.

"வாங்குனது நான். எனக்கு ரேகை விழாது, அதனால பிள்ளைய வைக்கச் சொன்னேன். அரிசி எந்தங்கச்சி வீட்டுல இருக்கு, வந்து பாத்துக்கிடுங்க. வீட்ட விட்டுப் போறதுக்குன்னு சேத்து வச்சேன்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா? இவ்வளவு ஆகியிருக்காதே."

"சொல்லியிருந்தா இந்தம்மாவுக்கு ஒடஞ்சது எனக்கு ஒடஞ்சிருக்கும்." செண்பகவல்லி அக்காவைப் பார்த்தாள். "அதுக்காக அவளுக்கு ஒடஞ்சிருக்க வேண்டாம். தப்பு எம்மேலதான்."

அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. "எழுதிக்கிட்டாங்கன்னா கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். கடைசியில் அக்காவிடம் தாள் போனது. வலது கையில் கட்டு. இடது கையில் எழுத வரவில்லை. பேனாவை இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கிளார்க் மைப்பெட்டியை நீட்டினார். எம்.காம். படித்தவள் இடது கட்டைவிரலை உருட்டி வைத்தாள். ரேகை ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டு. தங்கப்பொண்ணு அத்தையும் இன்னும் நான்கு பேரும் பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றார்கள். பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அப்பா மீது கேஸ் பதிந்து பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரியப்பா சமாதானம் பேச அக்கா வீட்டுக்குப் போனாராம். "நாளைக்கு இன்னொருத்தன் வந்து கையப் பிடிப்பான். அப்பவும் நீங்க பழத்தட்டோட வருவீங்க" என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

செப்டம்பர் 5, வியாழன்

பரண் அரிசியில் வண்டு. அம்மா மொட்டை மாடியில் போட்டுக் காயவைத்தாள்.

செப்டம்பர் 16, திங்கள்

அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். சித்தி போனுக்கு பதினோரு தடவை கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. இன்று கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது.

எனக்கு டி.சி. வாங்க அம்மா போனாள். தனியாகப் போகவில்லை. சித்தப்பாவையும் மகளிர் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்ததற்கான ரசீதையும் கொண்டுபோனாள். இனி இந்த ஊர்ப் பள்ளி. காலாண்டுப் பரீட்சையை இங்கேதான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தங்கப்பொண்ணு அத்தை வந்திருந்தாள். முறுக்கு கொண்டுவந்தாள். கடைச் செய்தி எல்லாம் சொன்னாள்.

செண்பகவல்லி அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். கட்டு பிரித்தாயிற்று. ஆனால் மூட்டை தூக்க முடியவில்லையாம். இனி எடை போடுகிறவர் லீவு போட்டால் வேறு ஆள் வராமல் கடை திறக்கக்கூடாது என்று உத்தரவு. ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். ஒரு பலகையும் மாட்டியிருக்கிறார்கள், பணியாளர்களைத் திட்டுவதும் தாக்குவதும் தண்டனைக்குரிய குற்றம் என்று.

"பலகைய எங்க மாட்டியிருக்காங்கங்கே? அவ தலைக்கு மேல. அதப் படிக்கதுக்குள்ள அடிச்சிருவான்" என்றாள் அத்தை. "அதனால நாங்க ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். பொருள் போடுத நாளு பூரா ரெண்டு ரெண்டு பேரு கட அடைக்குத வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருக்கோம். முற வச்சிருக்கு. சும்மா இருக்க முடியுமா, சுளவக் கொண்டு போயி அங்கனயே சுத்துதோம். எவனாவது சத்தம் போட்டா ரெண்டு பேரும் நிமிந்து பாப்போம். கையில எல வெட்டுத கத்தரி இருக்குல்லா. அவனா கொரலத் தணிச்சிருவான்."

"நீங்க சத்தம் போட்டா?" என்று அம்மா கேட்டாள். அத்தை வாய் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"போன வாரம் போட்டேன், பாமாயில் இல்லன்னு. பெஞ்சுல இருந்தவ என்னப் பாத்தா. நானும் தணிச்சுக்கிட்டேன்."

அந்தப் பலகையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா எந்த அலுவலகத்திலும் பணியாளர் இல்லை. அவளுக்கு மேல் எந்தப் பலகையும் இல்லை.

அக்டோபர் 12, சனி

பகலில் எழுதுகிறேன். இப்போதெல்லாம் நோட்டை ஜன்னலிலேயே வைத்துவிடுகிறேன். அபி ஒரு பக்கத்தில் யானை வரைந்திருக்கிறாள்.

பரண் அரிசி முடிந்துவிட்டது. சித்தி ஊர் ரேஷன் கடையிலும் எங்கள் கார்டுக்குப் பொருள் வாங்கலாம். ஆனால் வாங்கினால் அப்பா போனுக்கு மெசேஜ் போகும். நம்பரை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் மாறவில்லை. போன மாதம் அதற்காகவே வாங்கவில்லை.

இன்று காலை அம்மா கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். இங்கே கடையில் இருப்பவர் ஒரு வயதான சார். காதில் மெஷின் வைத்திருக்கிறார். அவரிடம் கத்திப் பேச வேண்டும். யாராவது அவரை அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். இப்போது யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது, பஸ் கண்டக்டரைப் பார்த்தாலும், ஆஸ்பத்திரி நர்சைப் பார்த்தாலும்.

"யாரு விரல் வைக்கீங்க?" என்று கேட்டார்.

வழக்கம்போல நான் கையை நீட்டினேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு அவள் விரலைச் சேலையில் துடைத்து வைத்தாள். அம்மா பீடி சுற்றி நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. இங்கே அவள் பூ பறிக்கப் போகிறாள்.

மெஷின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. பில் வந்தது. அம்மா விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கடையை விட்டு இறங்கியதும் அம்மா சித்தியின் போனை என்னிடம் கொடுத்தாள். "உங்கப்பாவுக்கு ஒரு மெசேஜ் போடு" என்றாள்.

நான் பயந்து போய் அவளைப் பார்த்தேன்.

"நாஞ் சொல்லுதபடி அடி. இன்னைக்கு அரிசி வாங்குனது நான். விரல் வச்சது நான். பேரு வேலம்மாள். கடையில போயி யாரையும் கேக்காண்டாம்."

அப்படியே அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். "அனுப்பு" என்றாள்.

மத்தியானம் புது அரிசியில் சோறு. கொஞ்சம் குழைந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே பானையில் வடித்தது.